இம்யூனாலஜியில் (நோய் எதிர்ப்பியலில்) ஆய்வு செய்யப் போகிறவர்கள் கேட்டவை

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறேன். எம்.பி.பி.எஸ். இல்லாமல் மருத்துவக் கல்லூரியில் பிஎச்.டி. செய்ய முடியுமா? (நெல்லிக்குப்பம் வாசகி)

தாராளமாகச் செய்யலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கிவிட்டால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. உங்களுக்குப் பிப்பெட் பழகியிருக்கும், வார்டு பழகியிருக்காது. அதனால் சேர்ந்த முதல் மாதமே கைடிடம் கேட்டு, வாரம் ஒரு காலையாவது ஓ.பி.யில் போய் உட்காருங்கள். கீல்வாத நோயாளி காலையில் விரலை மடக்க எவ்வளவு நேரம் தவிக்கிறார் என்று பார்த்த பிறகு, அவர் ரத்தத்தில் எதைத் தேடலாம் என்ற கேள்வி தானாகவே வரும்.

ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிக்கும்போது எனக்கு வெள்ளணு வளையமே வருவதில்லை. எல்லாம் கலங்கிவிடுகிறது. (வில்லியனூர், முதலாண்டு ஆய்வு மாணவர்)

எனக்கும் முதல் சில வாரங்கள் இதே கதைதான். மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் வெப்பம். செல்களை அடர்த்திப்படி பிரிக்க உதவும் ஃபைக்கால் திரவத்தின் அடர்த்தி மில்லிக்கு 1.077 கிராம் என்பது 20 டிகிரி கணக்கு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினாலும் தவறு, ஏ.சி. ஓடாத மே மாத அறையில் வைத்து ஊற்றினாலும் தவறு. புரோட்டோகாலில் 'அறை வெப்பம்' என்று எழுதியவர் புதுச்சேரி வெயிலை நினைத்து எழுதவில்லை.

அடுத்தது கை. ரத்தத்தில் சம அளவு உப்புக் கரைசல் சேர்த்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, பிப்பெட் நுனியைச் சுவரில் ஒட்டி, ஃபைக்கால் மேல் சொட்டுச் சொட்டாக வழிய விடுங்கள். அவசரம் கூடவே கூடாது.

கடைசியாக, குழாயைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தின் பிரேக். 400 ஜி (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு) விசையில் 30 நிமிடம் சுற்றியபின் அது தானாக நிற்க வேண்டும். பிரேக்கை அணைக்க மறந்து ஒரு நோயாளியின் மாதிரியை முழுசாக வீணாக்கியிருக்கிறேன். அவரிடம் மறுபடி கை நீட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரியாக வந்தால் அடியில் சிவப்பணு, மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் இளநீர் வழுக்கை போல மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். ஒரு மில்லி ரத்தத்துக்குச் சுமார் 10 லட்சம் செல் கிடைக்கும்.

யானைக்கால் நோயின் எதிர்ப்பாற்றல்தான் என் தலைப்பு. பழைய தலைப்பு என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா? (கடலூர் முதுநகர்)

வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்ததை உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் பகலில் வெளி ரத்தத்துக்கு வருவது அரிது. புதுச்சேரியில் 1975 முதல் நோய்க்கடத்தி (கொசு போல நோய் பரப்பும் உயிரி) கட்டுப்பாட்டு ஆய்வு மையம் இருப்பதும் இந்த மண்ணின் நோய்களுக்காகத்தான்.

புழு நிணநீர்க் குழாயில் ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கிறது, உடம்பு அதை விட்டுவைக்கிறது. ஏன்? புழுக்குஞ்சு உள்ளவர்களிடம் எதிர்ப்பைத் தணிக்கும் ஐ.எல்.-10 என்ற புரதம், ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்பொருள் இரண்டும் கூடியிருக்கும்; எதிர்ப்பு எல்லை மீறாமல் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் (ஒரு வகை வெள்ளணு) இதில் சேர்த்தி. அந்த டி செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025 மருத்துவ நோபல். பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஷிமோன் சகாகுச்சி தன் முக்கியக் கட்டுரையை வெளியிட்டது 1995இல். அப்போது எதிர்ப்பை அடக்கும் டி செல் என்ற பேச்சையே பலர் கைவிட்டிருந்தார்கள்.

சம்மதப் படிவத்தை நோயாளிகள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். (சிதம்பரம்)

படிவத்தை மாற்றி எழுதுங்கள். '10 மி.லி. சிரை ரத்த மாதிரி' என்பதற்குப் பதில் 'கையிலிருந்து இரண்டு டீஸ்பூன் ரத்தம்' என்று இருக்கட்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை வாயாலும் சொல்லுங்கள். மாற்றிய படிவத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன், கர்ப்பமாக இருக்கிறேன். ஆய்வை விட்டுவிட வேண்டியதுதானா? (காலாப்பட்டு)

விடாதீர்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு; படிப்பை முடிக்கும் கெடுவிலும் பெண்களுக்கு இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. விடுப்பில் போகும் முன் ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள்: திரவ நைட்ரஜனில் இருக்கும் உங்கள் செல் குழாய்கள் எந்தப் பெட்டியில், எந்த வரிசையில் என்று எழுதி, லேபில் நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.