வாஷிங் மெஷினில் நாற்றமா? தூளைக் குறையுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். மாமனார் சொந்தமாக வைத்திருக்கும் கொஞ்சம் ரப்பர் பால் மரத்தைச் சீவுகிறார். எங்களுடையது மேலே மூடி திறக்கும் 8 கிலோ மெஷின். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. குசினிக்குப் பின்னால் ஜிங்க் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறோம். துவைத்து எடுக்கும்போது துணி வாசமாகத்தான் இருக்கிறது. காய்ந்து மடிக்கும்போது ஊசல் வாடை அடிக்கிறது. பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள் ஒட்டுகின்றன. சவர்க்காரத் தூளைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன், சாஃப்ட்னரும் இரண்டு மூடி ஊற்றினேன். கேட்கவில்லை. இணையத்தில் பார்த்து வினிகர் ஊற்றி, கூடவே குளோராக்ஸும் ஊற்றினேன். கண் எரிந்து இருமல் வந்துவிட்டது. மெஷினை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம், சகோதரி. மெஷின் கதை அப்புறம். முதலில் அந்தக் கண் எரிச்சலைப் பேசிவிடுவோம்.

குளோராக்ஸ் மாதிரியான பிளீச்சில் வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்கள்மேல் ஏவிவிட்டார்களே, அதே வாயுதான். உங்கள் மெஷின் பின்கட்டில் காற்றுப் படும் இடத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. கதவடைத்த குளியலறையில் இதைச் செய்திருந்தால் இருமலோடு நின்றிருக்காது. வினிகர் மட்டுமில்லை, எலுமிச்சை, புளி, சிட்ரிக் அமிலம் எதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

உங்கள் வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மரத்துப் பால் வடியும் மங்கில், அதாவது கிண்ணத்தில், பால் உறைவதற்காக மாமனார் பார்மிக் அமிலம் விடுகிறாரென்றால், அது தெறித்த சட்டையைப் பிளீச் இருக்கும் தண்ணீரில் போடாதீர்கள். அதுவும் அமிலம்தான். பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியாவும் பிளீச்சோடு சேர்ந்தால் வேறொரு நச்சு வாயுவைக் கிளப்பும். எப்போதாவது இப்படி மூக்கைக் குத்தும் நெடி வந்தால், மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். மூச்சு முட்டினால் 999-ஐ அழையுங்கள்.

சரி, இப்போது நாற்றத்துக்கு வருவோம்.

நீங்கள் கண்ணால் பார்க்கும் தொட்டி, ஓட்டை ஓட்டையாகப் பளபளப்பாக இருக்கிறதே, அது உள்தொட்டி. அதைச் சுற்றி, தண்ணீரைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் வெளித்தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் உங்கள் கை போகாது, துணியும் உரசாது. கரையாத தூள், துணியிலிருந்து வந்த பஞ்சு, உடம்பு எண்ணெய், மண், சாஃப்ட்னர் எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். பழைய மெஷினைப் பிரித்து உள்தொட்டியைத் தூக்கினால், அதன் வெளிப்பக்கம் முழுக்க ஆறிப்போன கேழ்வரகுக் கூழைப் பூசியதுபோல ஒரு படலம் இருக்கும். விரலால் வழித்தால் மேலே சாம்பல் நிறம், அடியில் கறுப்பு. அந்தக் கறுப்பு பூஞ்சணம். அதுதான் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து பிள்ளைகளின் பள்ளிச் சட்டையில் ஒட்டுகிறது.

ஆகவே, தூளைக் கூட்டிப் போட்டீர்களே, அதுதான் நோய்க்கே தீனி போட்ட வேலை. சாஃப்ட்னர் அதைவிட மோசம். அது துணிமேல் வழுவழுப்பான ஒரு மெழுக்கைப் பூசித்தான் துணியை மிருதுவாக்குகிறது. அதே மெழுக்கு தொட்டியிலும் படிகிறது. துண்டில் படிந்தால் துண்டு தண்ணீரை உறிஞ்சாது. நம் ஊரில் பெரும்பாலான மேல்மூடி மெஷின்களுக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாய் மட்டும்தான். பச்சைத் தண்ணீரில் தூள் முழுக்கக் கரையாது, எண்ணெய்ப் பிசுக்கும் இளகாது. இந்த ஊர்க் காற்றில் ஈரம் சொல்லவே வேண்டாம். இதில் துவைத்து முடித்ததும் மூடியையும் சாத்திவிட்டால், பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

துவைத்து எடுக்கும்போது வாசம், காய்ந்ததும் வாடை என்கிறீர்கள். அதற்கும் காரணம் உண்டு. சாஃப்ட்னர் வாசம் முதலில் மேலே நின்று மறைக்கும். துணி மெதுவாகக் காய்கிற நேரத்தில், அதில் மிஞ்சியிருக்கும் கிருமிகள் வியர்வை, எண்ணெய் மிச்சத்தைத் தின்று வாடையைக் கிளப்பும். 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த ஈரத்துணி வாடையைத் தேடிப்போய், மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாதான் முக்கியக் குற்றவாளி என்று காட்டினார்கள். வெயிலில் உலர்ந்தாலும் அது எளிதில் சாகாது. அந்தத் துணி திரும்ப நனைந்தாலோ வியர்த்தாலோ மறுபடி தலைதூக்கும். பள்ளிக்குப் போகும்போது மணக்கிற சட்டை பத்து மணி ஓய்வு நேரத்தில் நாறுவது இதனால்தான். பிள்ளை குளிக்கவில்லையோ என்று திட்டாதீர்கள்.

சுத்தம் செய்வதற்கு நான் வினிகரைச் சொல்ல மாட்டேன், சமையல் சோடாவையும் சொல்ல மாட்டேன். வினிகர் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். எண்ணெயும் பூஞ்சணமும் கலந்த மெழுக்கை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பாகங்களுக்கும் கேடு. சமையல் சோடாவுக்கு அவ்வளவு பலம் கிடையாது. உங்களுக்கு வேண்டியது ஆக்சிஜன் பிளீச். பாக்கெட்டின் பின்பக்கம் ‘சோடியம் பெர்கார்பனேட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பேரங்காடியில் கிடைக்கும். மெஷின் தொட்டி கழுவும் தூள் என்று விற்கும் பல பாக்கெட்டுகளிலும் இதுதான் இருக்கிறது. தண்ணீரில் பட்டதும் நுரைத்து ஆக்சிஜனை விடும். அந்த நுரைதான் இடுக்கில் ஒட்டியிருப்பதைப் பெயர்க்கும்.

இதற்குச் சூடு வேண்டும், பச்சைத் தண்ணீரில் பாதி வேலைதான் நடக்கும். 40 முதல் 50 டிகிரி வரை இருந்தால் நல்லது. குளியலறையில் ஹீட்டர் இருந்தால் வாளி வாளியாக அதிலிருந்து பிடித்து ஊற்றலாம். இல்லாவிட்டால் மெஷினில் முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு நிறுத்திக்கொண்டு, அடுப்பில் காய்ச்சியதைக் கலந்து விடுங்கள். கொதிக்கக் கொதிக்க நேராகத் தொட்டியில் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். அந்த நேரத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

தண்ணீர் அளவை ஆக உயரத்தில் வைத்து நிரப்புங்கள். துணி எதுவும் போட வேண்டாம். உங்கள் மெஷின் அளவுக்கு 300 கிராம் தூளாவது வேண்டும். தொட்டி கழுவும் பாக்கெட் என்றால் அதில் எழுதியிருக்கும் அளவே போதும். பத்து நிமிடம் சுற்றவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு மறுபடி ஒரு ஐந்து நிமிடம் சுற்றவிட்டுத் திறந்து பாருங்கள். பழுப்பும் கறுப்புமாகத் தோல் தோலாக மிதக்கும். ஆறு வருடம் கழுவாத மெஷின் என்றால் பார்க்கவே குமட்டும்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். உடனே தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். மிதப்பதையெல்லாம் முதலில் ஒரு பழைய வடிகட்டியால் அள்ளி எடுங்கள். அள்ளாமல் விட்டால் அது அடியில் இருக்கும் வடிகால் வால்வில் போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் இறங்காது. சுற்றவிட்டு அள்ளி, சுற்றவிட்டு அள்ளி, மிதப்பது குறைந்த பிறகு தண்ணீரை விட்டுவிட்டு, இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசுங்கள். உங்கள் மெஷினுக்கு முதல் தடவையிலேயே எல்லாம் வந்துவிடாது. அடுத்த வாரம் இன்னொரு தடவை செய்யுங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை போதும். மிஞ்சிய கரைசலை மூடி இறுக்கிய புட்டியில் எடுத்து வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடித்துவிடும்.

தொட்டி ஊறுகிற நேரத்தில் பஞ்சு பிடிக்கும் வலைப்பையைக் கழற்றி, உள்ளே வெளியே புரட்டிப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். தூள் போடும் தட்டையும் கழற்றிக் கழுவுங்கள். கடைசியில் பிளக்கை எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னச் சல்லடையைப் பாருங்கள். தண்ணீர் தடைபட்டுத் திரும்பி வரும் நாளில் வரும் சேறெல்லாம் அதில்தான் நிற்கும். அந்த மாதிரி நாளில் முதலில் குழாயைத் திறந்து, தெளிந்த பிறகு மெஷினைப் போடுங்கள்.

இனி தினசரிப் பழக்கம். தூளை இப்போது போடுவதில் பாதியாக்குங்கள். அதையும் ஒரு கிண்ணம் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். திரவச் சவர்க்காரம் என்றால் சாதாரணத் துணிக்கு 30, 40 மில்லி போதும். அலசும் தண்ணீரில் இன்னும் நுரை நின்றால் சவர்க்காரம் அதிகம் என்று அர்த்தம். நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்பது கல்லில் அடித்துத் துவைத்த காலத்துக் கணக்கு. சாஃப்ட்னரை நிறுத்திவிடுங்கள், குறைந்தபட்சம் துண்டுக்காவது. துவைத்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள். பூனையோ சின்னப் பிள்ளையோ ஏறி உள்ளே விழும் வீடாக இருந்தால், முழுக்கத் திறக்காமல் ஒரு கட்டை வைத்து இடைவெளி விடுங்கள்.

இரவில் துவைத்துப் போட்டுவிட்டு, விடிந்து வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் மறந்து, சாயந்திரம் எடுத்துக் காயப்போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தத் துணியை எத்தனை நல்ல மெஷினும் காப்பாற்றாது. இரவில் எடுத்துக் காயப்போட முடியாதென்றால், துவைப்பதையே விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெஷினை அழுக்குக் கூடையாகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். வியர்வைத் துணியை வெளியே கொடியில் தொங்கவிட்டு, துவைக்கும்போது போடுங்கள்.

வேலைத் துணிக்கு வருவோம். கணவர் செம்பனை வெட்டிவிட்டு வந்த உடுப்பில் மண், எண்ணெய், முள் எல்லாம் இருக்கும். அதை முதலில் குழாயடியில் அலசி மண்ணை இறக்கிவிட்டு, தனியாகப் போடுங்கள். மருந்தடிக்கும் வேலைக்குப் போட்ட உடுப்பு என்றால் வீட்டுத் துணியோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கையுறை போட்டு எடுத்து, தனியாகத் துவைத்து, பிறகு வெறும் மெஷினை ஒரு முறை தண்ணீரில் சுற்றவிடுங்கள். மாமனாரின் சட்டையில் பால் பட்டிருந்தால் காயவிட்டு, உரித்து எடுத்த பிறகே மெஷினுக்குள் போக வேண்டும். ஈரமாகப் போனால் தொட்டியின் ஓட்டைகளில் ஒட்டிக்கொள்ளும். மரத்திலேயே உறைந்த ஒட்டுப்பாலின் வாடை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே வாடை ஏறிப்போன துண்டு, பள்ளிச் சட்டைகளை மட்டும் ஒருமுறை வெந்நீரில் ஆக்சிஜன் பிளீச் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவைத்தெடுங்கள். டவுனில் காசு போட்டுத் துவைக்கும் டோபி கடையில் வெந்நீர்ச் சுற்றும் உலர்த்தியும் இருந்தால் இன்னும் சுலபம். மழை விடாத நாட்களில் அந்த உலர்த்திக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது.

இவ்வளவு செய்தும் வாடை போகவில்லையென்றால், அது எந்த மாதிரி வாடை என்று கவனியுங்கள். சாக்கடை நெடி அடித்தால் குற்றம் தொட்டியில் இல்லை, கழிவுநீர்க் குழாயில். குழாயின் முனை கால்வாய்த் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறதா பாருங்கள். தண்ணீரைத் தொடாமல் மேலே நிற்கட்டும். ரப்பர் கருகும் வாடை என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பெல்ட்டோ மோட்டாரோ போகப் போகிறது. திடீரென்று ஒரே நாளில் பிண வாடை கிளம்பினால் எலிதான். சில மேல்மூடி மெஷின்களுக்கு அடிப்பக்கம் திறந்துதான் இருக்கும், தோட்டத்து எலிக்கு அது நல்ல வீடு. சாய்த்துப் பாருங்கள், அப்படியே ஒயரைக் கடித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முன்னால் கதவு திறக்கும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு நாற்றம் கதவு ரப்பரின் மடிப்பில் ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் மடிப்பைப் பிரித்துத் துடையுங்கள். கீழே சின்னக் கதவுக்குள் இருக்கும் பம்ப் வடிகட்டியை மாதம் ஒரு முறை திறந்து கழுவுங்கள். தண்ணீர் கொட்டும், தட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துபோன சென் காசெல்லாம் அதில்தான் இருக்கும்.

சகோதரி, இரண்டு தடவை கழுவியும் சட்டையில் துணுக்கு ஒட்டுவது நிற்காவிட்டால், மெஷின் ரிப்பேர் செய்பவரைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். மேலோட்டமாக மருந்து ஊற்றிவிட்டுப் போகிறவர் வேண்டாம், உள்தொட்டியை வெளியே எடுப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எடுத்த கையோடு வடிகால் வால்வின் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள், தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடலாம்.