பின்வரிசையிலிருந்து எடுக்க என்ன கேமரா?

மகளின் நடனத்தை அரங்கின் பின்வரிசையிலிருந்து எடுக்க வேண்டும், கையில் 20 ஆயிரம்தான் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் வாங்க நினைக்கும் அந்தப் பெயர் தெரியாத '4கே, 16 மடங்கு டிஜிட்டல் ஜூம்' கேமராவை விட்டுவிடுங்கள். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்கும், அவ்வளவுதான், முகம் கலங்கிவிடும்.

செகண்ட் ஹேண்டில் சோனி சிஎக்ஸ்405 வீடியோ கேமரா கிடைக்கிறதா பாருங்கள். 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் (படத்தை வெட்டாமல் லென்ஸே பெரிதாக்கும்), ஃபுல் எச்டி. ஒளியைப் பதியும் சென்சார் சின்னது, இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும், மேடை வெளிச்சத்தில் சமாளிக்கும். வெளி மைக் செருக வழியில்லை. பாட்டை ஸ்பீக்கர் பக்கத்தில் மொபைலை வைத்துத் தனியாகப் பதிந்து, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், ட்ரைபாட் கட்டாயம். அவ்வளவு ஜூமில் லேசான கை நடுக்கம்கூட நிலநடுக்கம் மாதிரி தெரியும். வாங்கும் முன் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று ஓடவிட்டுப் பாருங்கள்.