டிபிஎம்டி நார்மல் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

வணக்கம். பெருங்குடல் அழற்சிக்கு அசதயோபிரின் (நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து) 50 மி.கி. தொடங்கிய மூன்றாம் வாரமே தம்பிக்கு முடி கொத்தாக உதிர்கிறது, வெள்ளையணு 2,600 என்று குறைந்திருக்கிறது, ஆனால் டிபிஎம்டி (இந்த மருந்தை உடலில் செயலிழக்கச் செய்யும் நொதி) பரிசோதனை நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த மாத்திரைக்கு முன்பே மருத்துவரை அழைத்து அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள். பெரும்பாலும் நிறுத்தத்தான் சொல்வார். நிறுத்திய பிறகும் மருந்தின் சிதைபொருள்கள் செல்லுக்குள் தங்கியிருப்பதால் எண்ணிக்கை இன்னும் இறங்கலாம். அதனால் சில நாட்களில் மறுபடி சிபிசி (முழு ரத்த அணுப் பரிசோதனை), நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வகையின் கணக்கோடு. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நேரே அவசரப் பிரிவு. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் எடுக்கிறார் என்றால் அது காய்ச்சலை மறைக்கும். ஆனால் அதைத் தானாக நிறுத்தக் கூடாது.

டிபிஎம்டி பாதிக் கதைதான். நம் ஆசிய மக்களிடம் என்யூடிடி15 மரபணு மாற்றமே பெரிய காரணம். 2014இல் கொரியக் குடல்நோயாளிகளிடம் இதைக் கண்டறிந்தார்கள். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தரும், இதே வகை மருந்தான மெர்காப்டோப்யூரினுக்கும் இது பொருந்துகிறது. ஆரம்பத்திலேயே இப்படி முடி கொட்டுவது அதற்கான வலுவான அறிகுறி. அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம் என்றால் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் என்றால் குடல்நோய்க்கு இந்த மருந்தே வேண்டாம்.

யூரிக் அமிலத்துக்கு அலோப்யூரினோலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ சாப்பிடுகிறாரா? அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அசதயோபிரின் நச்சைப் பல மடங்கு கூட்டும்.