எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் ஊசி: சிறுநீரகமும் நஷ்டஈட்டு வழக்குகளும் (கேள்வி பதில்)

கே: அம்மாவுக்கு 62 வயது, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு ரத்தக் கழிவு) 1.8. மூளை எம்.ஆர்.ஐ.க்கு கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரியப் போடும் ஊசி மருந்து) வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

கிரியாட்டினினை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஈ.ஜி.எஃப்.ஆர். பாருங்கள்; கிரியாட்டினினோடு வயது, பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று போடும் கணக்கு அது. அதே 1.8 ஒரு 30 வயது ஆணுக்கு இருந்தால் கணக்கு 51 வரும், அம்மாவுக்கு 31தான். கவலைப்பட வேண்டிய எல்லை 30. விளிம்பில் இருப்பதால் பழைய ரிப்போர்ட்டை நம்பாமல் புதிதாக ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் சென்டரில் மருந்தின் பெயரைக் கேளுங்கள். டோட்டாரெம், கேடோவிஸ்ட், புரோஹான்ஸ் என்றால், 30க்குக் கீழே இருந்தாலும் அவசியமானால் போடலாம் என்பதே அமெரிக்க ரேடியாலஜி மருத்துவர்களின் அமைப்பான ஏ.சி.ஆர். நிலைப்பாடு. ஆம்னிஸ்கேன், மேக்னவிஸ்ட், ஆப்டிமார்க் என்றால் மறுத்துவிடுங்கள்.

கே: எல்லாவற்றிலும் இருப்பது ஒரே கேடோலினியம் என்ற உலோகம்தானே? பிராண்டுக்குப் பிராண்டு ஏன் வித்தியாசம்?

கேடோலினியம் அயனி தனியாக உடலில் திரிந்தால் நஞ்சு. அதனால் ஒரு கரிம மூலக்கூறால் அதைக் கட்டித்தான் ஊசியில் தருகிறார்கள். வளைய வகையில் (மேலே போடலாம் என்ற மூன்றும்) உலோகம் கூண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். நேர்ச்சங்கிலி வகையில் (மறுக்கச் சொன்ன மூன்றும்) பிடி தளர்வு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் மருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக் குறைந்துவிடும், பிடி அவிழ அவகாசம் கிடைக்காது. சிறுநீரகம் பழுதென்றால் அதுவே ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். அதற்குள் துத்தநாகம் போன்றவை உலோகத்தின் இடத்தைப் பிடிக்கும்; வெளியேறிய கேடோலினியம் பாஸ்பேட்டுடன் சேர்ந்து திசுக்களில் படியும்.

விளைவு என்.எஸ்.எஃப். என்ற நோய்: கை கால் தோல் கட்டையாக இறுகி, மூட்டு மடங்காமல் போகும். நிரூபணமான மருந்து கிடையாது. உறுதிசெய்ய மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் போதாது. ஆழமான தோல் பயாப்சி வேண்டும்.

கே: அப்பா 60 கிலோ. ஒரு சென்டரில் 12 மி.லி., இன்னொன்றில் 6 மி.லி. போட்டார்கள். எது தப்பு?

இரண்டும் சரியாக இருக்கலாம். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். டோட்டாரெம் கரைசலில் கிலோவுக்கு 0.2 மி.லி.; கேடோவிஸ்ட் இரு மடங்கு செறிவு, அதனால் 0.1 மி.லி. கேடோவிஸ்ட்டையே 12 மி.லி. போட்டிருந்தால் அது இரட்டை டோஸ்.

கே: டயாலிசிஸில் இருப்பவருக்கு?

வழக்கமான டயாலிசிஸ் நேரத்துக்குச் சற்று முன்னால் ஸ்கேனை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் முக்கால்வாசி வெளியேறும், மூன்று சுற்றில் ஏறக்குறைய முழுவதும். இதனால் என்.எஸ்.எஃப். வராது என்ற உத்தரவாதம் இல்லை. வயிற்று வழி டயாலிசிஸில் மருந்து மெதுவாகத்தான் போகும்.

கே: சி.டி. கான்ட்ராஸ்ட்டும் இதேதானா? இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் போடக்கூடாதாமே?

அது அயோடின் மருந்து, என்.எஸ்.எஃப். பிரச்சினை அதில் இல்லை. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள ஒரு புரதம். அயோடினோடு முடிச்சுப் போடுவது பழங்கதை. முன்பு இதே வகை ஊசியில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கே: அமெரிக்காவில் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கொடுத்தார்களே, எந்த அடிப்படையில்?

என்.எஸ்.எஃப். நோயாளிகள் 1997லேயே கண்ணில் பட்டார்கள். கேடோலினியத்தோடு முடிச்சு 2006ல்தான் விழுந்தது. 2007ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை (மிகக் கடுமையான எச்சரிக்கை) போடக் கேட்டது. 2010ல் ஆம்னிஸ்கேன், மேக்னவிஸ்ட், ஆப்டிமார்க் மூன்றையும் கடும் சிறுநீரகப் பழுதுள்ளவர்களுக்குக் கூடாதென்றது. கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகள் 2008ல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரே நீதிபதி முன் திரட்டப்பட்டன. பெரும்பாலானவை வெளியே தெரியாத தொகைக்குச் சமரசமாயின. ஜூரி வரை போன ஒன்றில், 2013ல் ஆம்னிஸ்கேன் தொடர்பாக அதன் தயாரிப்பாளரான ஜி.இ. ஹெல்த்கேர் 50 லட்சம் டாலர் தர வேண்டுமென்று தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் 2014ல் நிலைத்தது. வாதம் இதுதான்: ஆபத்து தெரிந்திருக்க வேண்டிய நிறுவனம் மருத்துவர்களை உரிய காலத்தில் எச்சரிக்கவில்லை.

கே: எனக்குச் சிறுநீரகம் நார்மல். ஸ்கேனுக்குப் பிறகு உடம்பெரிச்சல், மறதி. வழக்குப் போடலாமா?

அமெரிக்காவிலேயே இது கடினமான வழக்கு. மூளையிலும் எலும்பிலும் சிறிதளவு தங்குவது உண்மை, 2017ல் எஃப்.டி.ஏ. அதை எச்சரிக்கையில் சேர்த்தது, ஐரோப்பாவில் பல நேர்ச்சங்கிலி மருந்துகளை நிறுத்திவைத்தார்கள். ஆனால் தங்கியதுதான் உங்கள் தொந்தரவுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். 2019ல் அரிசோனா நீதிமன்றம் நிபுணர் சாட்சியத்தையே ஏற்கவில்லை. நடிகர் சக் நோரிஸும் மனைவியும் 2017ல் தொடுத்த வழக்கை 2020ல் கைவிட்டார்கள். சிறுநீரில் கேடோலினியம் இருக்கிறது என்ற லேப் ரிப்போர்ட் ஊசி போட்டதைத்தான் காட்டும். அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

கே: இந்தியாவில் என்ன வழி? என்னென்ன ஆவணம் வேண்டும்?

கட்டணம் வாங்கிய மருத்துவமனை, ஸ்கேன் சென்டர் என்றால் நுகர்வோர் ஆணையம். காலவரம்பு 2 ஆண்டு. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை இதில் வராது.

ரெக்கார்டை எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். முக்கியமானது, மருந்துப் பாட்டில் ஸ்டிக்கர்: பெயர், பேட்ச் எண், எத்தனை மி.லி. "கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை வைத்து எந்த நிறுவனத்தையும் இழுக்க முடியாது. அடுத்து ஊசிக்கு முந்தைய கிரியாட்டினின் ரிப்போர்ட், தேதியோடு, கையெழுத்திட்ட சம்மதப் படிவம், பில், தோல் பாதிப்பு என்றால் பயாப்சி ரிப்போர்ட். சம்மதப் படிவத்தில் சிறுநீரகக் கேள்விக்கு டிக் அடித்தது யார் என்றும் பாருங்கள், பல இடங்களில் ஊழியரே நிரப்பிவிடுகிறார்.