கணினி கேள்வி-பதில்: சி டிரைவில் காணாமல் போன 38 ஜிபி

கேள்வி: ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறேன். விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவில் 2 ஜிபிதான் மிச்சம். ஆனால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் செலக்ட் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் 71 ஜிபிதான் வருகிறது. மீதி எங்கே?
- வாசகர், புளியறை (செங்கோட்டை)

பதில்: பெட்டியில் போட்டிருக்கும் 120, விண்டோஸ் கணக்கில் 111தான். கம்பெனிக்காரர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. ஆகவே அதில் 71-ம் மிச்சமிருக்கும் 2-ம் போக, தேட வேண்டியது 38 ஜிபி. கண்ணுக்குத் தெரிவதைத்தான் நீங்கள் செலக்ட் செய்தீர்கள். மறைந்திருப்பது கணக்கில் சேரவில்லை.

எக்ஸ்புளோரரில் வியூ, ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் செய்யுங்கள். அது பாதிதான். ஆப்ஷன்ஸில் வியூ பக்கம் போய், 'ஹைட் புரொடக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுங்கள். எச்சரிக்கை வரும், யெஸ் கொடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

இப்போது ஹைபர்ஃபில் (hiberfil.sys) என்ற ஃபைல் தெரியும். ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையோடு கணினியை அணைக்கும்போது, ராமில் இருப்பதை விண்டோஸ் எழுதி வைக்கும் இடம் இது. வழக்கமாக ராமில் 40 சதவீதம், உங்களுக்கு 3 ஜிபிக்குச் சற்று மேல். நேராக டெலீட் ஆகாது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆஃப்' (powercfg /h off) கொடுத்தால் தானே போய்விடும். ஹைபர்னேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போகும்; கடை டெஸ்க்டாப்புக்கு அது நஷ்டமில்லை. பக்கத்தில் இருக்கும் பேஜ்ஃபைலைத் தொடாதீர்கள்; ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் இடம் அது.

பெரிய திமிங்கலம் பெரும்பாலும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன். ரீஸ்டோர் பாயின்ட்கள் (கோளாறு வந்தால் விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவுகள்) குவிவது அங்கேதான். அட்மினுக்கும் திறக்காது, எக்ஸ்புளோரர் அளவும் சொல்லாது. கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் புரொடக்ஷன் திறந்து, சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகர் அழுத்தினால் 'கரன்ட் யூசேஜ்' தெரியும். ஸ்லைடரை 5 சதவீதத்துக்கு இறக்குங்கள்; பழையவை கழிந்துவிடும். டெலீட் பட்டன் எல்லா ரீஸ்டோர் பாயின்ட்களையும் துடைத்துவிடும் என்பதால் அது வேண்டாம்.

அடுத்து டிஸ்க் கிளீனப்பில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்'. பட்டியலில் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' இருந்தால் டிக் செய்யுங்கள். 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருக்கலாம். அதில் டிக் விழுந்திருந்தால் வாடிக்கையாளர் விண்ணப்பங்கள் எல்லாம் போய்விடும். (முடிந்த வேலையின் ஆதார் நகல்களை அன்றன்றே அழிப்பது வேறு விஷயம். அதைச் செய்துவிடுங்கள்.)

ஒரே கணினியில் இரண்டு லாகின் வைத்திருந்தால் ரீசைக்கிள் பின்னும் இரண்டு. மற்றவருடையது உங்கள் பின்னில் தெரியாது. அந்த லாகினில் போய்த்தான் காலி செய்ய வேண்டும்.

ஜெராக்ஸ் கடை என்பதால் இன்னொன்று: பிரிண்ட் சிக்கிக்கொண்டால் அந்த வேலை விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் போல்டரில் தங்கிவிடும். சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்புவது) ஸ்டாப் செய்து, போல்டருக்குள் இருப்பதை மட்டும் அழித்து, மறுபடி ஸ்டார்ட் கொடுங்கள். ஸ்டாப் செய்யாமல் அழித்தால், 'ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது' என்றே திரும்பத் திரும்பச் சொல்லும்.