மீனாட்சி அம்மனும் மீனாட்சி பவனும்: டல்லாஸ் ஃபைனல்ஸ் கேள்வி-பதில்

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் டபிள்யூ.சி.டி. (வேர்ல்ட் சாம்பியன்ஷிப் டென்னிஸ்) என்ற தொழில்முறை டென்னிஸ் அமைப்பு நடத்தி, பிறகு நின்றுபோன ஃபைனல்ஸ் போட்டி பற்றிப் போன முறை போகிற போக்கில் நாலு வரிதான் எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் ஒரு பதில்தான். கையெழுத்து புரியாதவற்றை ஓரம் வைத்துவிட்டேன்.

டல்லாஸ் போட்டி நின்றுபோனது என்கிறீர்கள். இப்போதும் டிவியில் வருகிறதே? (திருச்சி, சேலம், இன்னும் பலர்)

நீங்கள் பார்ப்பது டல்லாஸ் ஓபன். நியூயார்க் பக்கம் நடந்துகொண்டிருந்த ஒரு போட்டியை இடம் மாற்றி 2022-ல் அங்கே தொடங்கினார்கள். நான் எழுதியது 1971 முதல் 1989 வரை நடந்த டபிள்யூ.சி.டி. ஃபைனல்ஸ். ஊர் ஒன்று என்பதற்காக மீனாட்சி அம்மன் கோயிலும் மீனாட்சி பவனும் ஒன்றாகிவிடுமா?

கையோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டல்லாஸ் வேறு, மாஸ்டர்ஸ் வேறு. மாஸ்டர்ஸ் என்பது கிராண்ட் பிரீ என்ற இன்னொரு டென்னிஸ் சுற்றின் முடிவில் வந்தது. 1977-லிருந்து அது நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. இன்றைய ஆண்கள் டென்னிஸ் சுற்றான ஏ.டி.பி.யின் ஃபைனல்ஸ் அதன் வாரிசு. டல்லாஸுக்கு வாரிசு கிடையாது.

எந்த அரங்கம்? என்ன தளம்?

1971 இறுதி ஆட்டம் மெமோரியல் ஆடிட்டோரியத்தில். 1972 முதல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மூடி கொலீசியம். 1980 முதல் ரீயூனியன் அரீனா. ரீயூனியனை 2009-ல் இடித்துவிட்டார்கள், மூடி இன்னும் நிற்கிறது. தளம் கார்ப்பெட். அதே 2009-லிருந்து ஏ.டி.பி. சுற்றில் கார்ப்பெட்டும் இல்லை.

கென் ரோஸ்வால் 1971 நவம்பரில் சாம்பியன், 1972 மே மாதத்திலும் சாம்பியன் என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

இல்லை. இரண்டும் சரி. முதல் ஃபைனல்ஸ் 1971 நவம்பர் கடைசியில் நடந்தது. அடுத்ததை மே மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை ஜெயித்தது அதே ரோஸ்வால், இறுதியில் தோற்றது அதே ராட் லேவர், இருவருமே ஆஸ்திரேலியர்கள். பரிசும் அதே 50 ஆயிரம் டாலர்.

1972 ஃபைனலில் அப்படி என்னதான் இருக்கிறது? யூடியூபில் ஐந்து நிமிடம் பார்த்தேன், மெதுவாக இருக்கிறது. (கோவை)

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். ஆட்டம் நடந்ததோ மூன்றரை மணி நேரம்.

ரோஸ்வாலுக்கு 37 வயது, லேவருக்கு 33. ஸ்கோர் 4-6, 6-0, 6-3, 6-7, 7-6. ஐந்தாவது செட் டை-பிரேக்கில் (6-6 ஆனால் செட்டை முடிக்க ஆடுவது, முதலில் 7 புள்ளி எடுப்பவருக்கு செட், இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும்) லேவர் 5-4 என்று முன்னால் இருக்கிறார். அடுத்த இரண்டு சர்வும் அவருடையது. இரண்டிலும் புள்ளி எடுத்தால் முடிந்தது கதை. இரண்டையும் ரோஸ்வால் பேக்ஹேண்டில் திருப்பி அடித்துப் புள்ளியாக்கினார். 6-5. அடுத்து ரோஸ்வாலின் சர்வ், லேவரால் எடுக்க முடியவில்லை. அவ்வளவுதான். அமெரிக்காவில் மட்டும் இரண்டு கோடிப் பேருக்கு மேல் டிவியில் பார்த்தார்கள். அந்த நாட்டில் டென்னிஸ் வீட்டுக்கு வீடு போனதற்கு இந்த ஆட்டத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். முழு ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள், துண்டு வீடியோ வேண்டாம்.

ரோஸ்வால் விம்பிள்டனே ஜெயிக்காதவர், மொத்தம் எட்டு ஸ்லாம். லேவருக்கு 11. இன்றைய ஆட்டக்காரர்கள் 20-ஐத் தாண்டிவிட்டார்கள். இவர்களைப் போய் ஏன் இவ்வளவு தூக்கிவைக்கிறீர்கள்? (சென்னை)

இந்தக் கடிதம் மாதம் ஒன்று வருகிறது. ஆள்தான் வேறு, கணக்கு அதே கணக்கு.

ஸ்லாம் என்பது ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், யு.எஸ். என்ற நான்கு பெரிய போட்டிகள். 1968-க்கு முன்னால் காசு வாங்கி ஆடுகிறவர்களை அவற்றின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ரோஸ்வால் 1957-ல் தொழில்முறைக்கு மாறினார். அதன்பின் பதினோரு வருடம் அவருக்கு விம்பிள்டன் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒருவருடைய 22 வயதிலிருந்து 33 வயது வரை எடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணுகிறீர்கள். லேவர் 1962-ல் நான்கையும் ஜெயித்தார். மறுவருடமே வெளியே. ஐந்து வருடம், வருடத்துக்கு நாலு, சுமார் இருபது ஸ்லாம் கைவிட்டுப் போனது. 1969-ல் திரும்ப நான்கையும் ஜெயித்தார். நடுவில் சும்மாவா உட்கார்ந்திருந்தார்?

சரி, 1968-ல் கதவு திறந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், 1972-ல் மறுபடி மூடினார்கள். டபிள்யூ.சி.டி.யை நடத்திய லமார் ஹன்ட் டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்துக்காரர். அமெரிக்கக் கால்பந்தின் ‘சூப்பர் பவுல்’ என்ற பெயரே அவர் வைத்ததுதான் என்பார்கள். நல்ல ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் போட்டு வரிசையாக அவர் இழுத்ததும் ஸ்லாம்களைக் கையில் வைத்திருந்த சர்வதேச டென்னிஸ் சங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. 1972 ஜனவரி முதல் அவருடைய ஆட்டக்காரர்கள் தங்கள் போட்டிகளில் ஆடக்கூடாது என்று தடை. ஏப்ரலில் சமரசம் பேசினார்கள். அது அமலுக்கு வருவதற்குள் அந்த வருட விம்பிள்டன் முடிந்துவிட்டது. 1970, 71 இரண்டு வருடமும் சாம்பியனான ஜான் நியூகோம்பால் மூன்றாவது முறை உள்ளேயே போக முடியவில்லை. லேவர் இல்லை, ரோஸ்வால் இல்லை, ஆர்தர் ஆஷ் இல்லை. மறுவருடம் வேறொரு தகராறில் ஆட்டக்காரர்களே விம்பிள்டனைப் புறக்கணித்தார்கள்.

பணத்தையும் பாருங்கள். 1972-ல் விம்பிள்டன் ஜெயித்தவருக்கு 5,000 பவுண்டு. டாலரில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆயிரம் வரும். டல்லாஸில் 50,000. வருடம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றி, முதல் எட்டுப் பேரில் வந்தால்தான் டல்லாஸுக்கே டிக்கெட். சொல்லுங்கள், அந்த வருடம் பெரிய போட்டி எது?

ஸ்லாம் எண்ணிக்கையை எழுதும் முன் அந்த வருடம் யார் யாருக்கு வாசல் மூடியிருந்தது என்று பாருங்கள். இதை எத்தனை முறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

அப்படியானால் 1972 விம்பிள்டன் ஜெயித்த ஸ்டான் ஸ்மித் ஓசி சாம்பியன்தானே?

இதைத்தான் பயந்தேன். ஒரு பக்கம் சொன்னால் மறு கோடிக்கு ஓடுகிறீர்கள். சமரசத்துக்குப் பின் ஸ்மித்தும் டபிள்யூ.சி.டி.க்கு வந்தார். 1973 டல்லாஸில் அரையிறுதியில் லேவரையும் இறுதியில் ஆர்தர் ஆஷையும் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தார். ஓசியில் வந்தவர் செய்கிற காரியமா இது?

டை-பிரேக் 7 புள்ளியா, 5 புள்ளியா? நண்பருடன் பந்தயம்.

இருவருமே ஜெயித்தீர்கள். டபிள்யூ.சி.டி.யில் இன்று இருப்பது போல 7 புள்ளி, இரண்டு வித்தியாசம். யு.எஸ். ஓபனில் 1974 வரை 5 புள்ளி எடுத்தால் முடிந்தது. நாலுக்கு நாலு என்றால் அடுத்த ஒரே பந்தில் செட் போய்விடும். பந்தயப் பணத்தைக் காபிக்குச் செலவழியுங்கள்.

அதிக முறை ஜெயித்தவர்?

ஜான் மெக்கன்ரோ. ஐந்து முறை: 1979, 81, 83, 84, 89. இதில் 1983-ல் இவான் லெண்டிலுடன் ஆடியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் இழுத்து, ஐந்தாவது செட் டை-பிரேக் வரை வந்து, அங்கே லெண்டிலுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 7-0.

நம்மவர் யாராவது? (மதுரை)

டல்லாஸ் ஒற்றையர் கோப்பையில் இல்லை. ஆனால் டபிள்யூ.சி.டி. இரட்டையருக்குத் தனியாக ஒரு உலகப் போட்டி நடத்தியது. 1977-ல் கான்சாஸ் சிட்டியில் அதை ஜெயித்த ஜோடி நம் சென்னை விஜய் அமிர்தராஜும் டிக் ஸ்டாக்டனும். அதே மாதம் ஸ்டாக்டன் டல்லாஸ் ஒற்றையர் இறுதிக்கும் போனார். ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார்.

1990 டல்லாஸ் ஃபைனல் வீடியோ எங்கே கிடைக்கும்?

நடக்காத ஆட்டத்துக்கு வீடியோவா? ஆண்டைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

நல்லா ஓடிக்கொண்டிருந்த போட்டியை ஏன் நிறுத்தினார்கள்?

எண்பதுகளிலேயே ஓட்டம் குறைந்துவிட்டது. 1978-ல் டபிள்யூ.சி.டி. கிராண்ட் பிரீயோடு சேர்ந்தது. 1982-ல் கோபித்துக்கொண்டு தனிச் சுற்று நடத்தியது. 1983-ல் நீதிமன்றத்துக்குப் போனது. அப்புறம் சமாதானமாகித் திரும்பி வந்தது. இந்தப் போக்குவரத்தில் பழைய மதிப்பு போய்விட்டது. 1988 யு.எஸ். ஓபன் சமயத்தில் ஆட்டக்காரர்கள் சங்கம் கார் நிறுத்தும் இடத்தில் நிருபர்களைக் கூட்டி, இனி சுற்றை நாங்களே நடத்துகிறோம் என்று அறிவித்தது. 1990-ல் ஏ.டி.பி. டூர் வந்தது. அதில் டல்லாஸுக்கு இடம் இல்லை. 1989-ல் பிராட் கில்பர்ட்டை மூன்று நேர் செட்டில் மெக்கன்ரோ ஜெயித்ததுதான் கடைசி.

லேவர் டல்லாஸை ஜெயிக்கவே இல்லையா? (புதுச்சேரி)

இல்லை. 71, 72 இரண்டு இறுதியும் ரோஸ்வாலிடம் போனது. 73-ல் ஸ்மித். கடைசியாக 1975 அரையிறுதி, லேவருக்கு 36 வயது, எதிரே இருந்த பியான் போர்குக்கு 18. ஐந்து செட் ஆடித்தான் தோற்றார்.