பார்டர்லைன் பர்சனாலிட்டிக்கு தெரபி எத்தனை மாசம்? தங்கச்சிக்கு அஞ்சு மாசம் ஆச்சு, இப்ப நல்லாதான் இருக்கா, நிறுத்திடலாமா?

நிறுத்தாதீங்க தம்பி. மொதல்ல இத சொல்லிட்டு மத்தத எழுதறேன், ஏன்னா நீங்க இங்க வந்து கேக்கவாவது செய்யறீங்க, நாங்க நாலாவது மாசம் யாரையும் கேக்காமலே நிறுத்தினோம், அதுக்கு எங்க பொண்ணுதான் அனுபவிச்சா.

ஃபீஸ் நீங்கதான் கட்டறீங்க, வீட்ல பெரியவங்க "இன்னும் எவ்ளோ நாளைக்குடா"ன்னு நச்சரிக்கறாங்கன்னு நெனக்கிறேன். அவங்க கேக்கறதும் தப்பில்ல. வாராவாரம் போய், ஒரு தடவைக்கு ஆயிரத்து இருநூறுன்னா மாசம் அஞ்சாயிரம் கிட்ட போயிடும். நான் டாக்டர் கிடையாது, பேங்க்ல கேஷ் கவுண்டர்ல உக்காந்து வேல பாத்தவ, அம்மாவா தெரிஞ்சத மட்டும் சொல்றேன். மருத்துவம் படிச்சவங்க யாராவது திருத்தினா ஏத்துக்கறேன்.

எங்க பொண்ணுக்கும் இதே பார்டர்லைன் பர்சனாலிட்டிதான், அதாவது உணர்ச்சிய கட்டுக்குள்ள வைக்க முடியாம பொங்கற மன நோய்தான்னு கண்டுபிடிச்சப்ப 21 வயசு. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் டிப்ரஷன்னு மாத்திரை மட்டும் ஓடிச்சு. இந்த நோய்க்குன்னே தனியா மாத்திரை கிடையாது, பேச்சு சிகிச்சைதான் முக்கியம்னு சென்னைல பாத்த தெரபிஸ்ட் மேடம் சொல்லித்தான் தெரியும். நாங்க திருச்சி. காலைல பல்லவன் ரயில்ல போயிட்டு ராத்திரி மலைக்கோட்டை ரயில்ல திரும்புவோம், நானும் அவளும் மட்டும். நாலு மாசத்துல அப்பாகூட உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சா, காலேஜுக்கு திரும்ப போனா. அப்பதான் எங்கண்ணன் பொண்ணு கல்யாணம் வந்துச்சு, ரெண்டு வாரம் போகல, அப்புறம் இவங்கப்பா "நல்லாத்தானே இருக்கா"ன்னாரு, நானும் சரின்னு விட்டுட்டேன். அந்த மேடம் எனக்கு ரெண்டு மெசேஜ் போட்டிருந்தாங்க. நான் பதில் போடல. பொண்ணுகிட்டயும் சொல்லல. அதான் என்னால இன்னும் ஜீரணிக்க முடியாதது, ஏன்னா எல்லாரும் நம்மள விட்டுட்டு போயிடுவாங்கங்கற பயம்தான் இந்த நோயோட அடிவேரே. மேடமும் தன்னை கைகழுவிட்டாங்கன்னு அவ நெனச்சுக்கிட்டிருந்தா. ஏழே வாரத்துல ஆஸ்பத்திரி ஐசியூ வாசல்ல நின்னோம்.

திரும்ப போனப்ப மேடம் ஒரு வார்த்தை திட்டல. நான்தான் கேட்டேன், எத்தனை மாசம் மேடம்னு. அப்ப அவங்க விளக்கினது இதுதான். டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி, சுருக்கமா டிபிடி, அதுல பொங்கற உணர்ச்சிய சமாளிக்க பாடம் மாதிரி சொல்லித்தர்ற பயிற்சி ஒரு சுத்து முடிய 24 வாரம், அதயே இன்னொரு தடவ எடுத்தா ஒரு வருஷம். நம்ம மனசுலயும் அடுத்தவங்க மனசுலயும் என்ன ஓடுதுன்னு புரிஞ்சுக்க பழக்கற மென்டலைசேஷன்னு லண்டன்ல வளர்ந்த முறைக்கு ஒன்றரை வருஷம், சின்ன வயசுலருந்து மனசுல பதிஞ்ச நெனப்ப மாத்தற ஸ்கீமா தெரபிய நெதர்லாந்துல மூணு வருஷம் குடுத்து பாத்திருக்காங்க. மூணு மாசத்துக்கும் குறைவா குடுக்கறத இதுக்குன்னு பண்ணாதீங்கன்னு இங்கிலாந்துல 2009லயே வழிகாட்டி போட்டுட்டாங்க.

இப்ப ஒருத்தர் கமெண்ட்ல வந்து ஆறு மாசமே போதும்னு ஆய்வு இருக்கேம்பாங்க. இருக்கு, கனடால டிபிடிய 240 பேருக்கு குடுத்து பண்ணது, 2022ல வந்துச்சு, தன்னைத்தானே காயப்படுத்திக்கறது குறையறதுல ஆறு மாசம் ஒரு வருஷத்துக்கு சளைச்சதில்லன்னு சொல்லுது. ஆனா அங்க ஆறு மாசம்னா என்னன்னு பாக்கணும். வாராவாரம் தனியா உக்காந்து பேசறது ஒண்ணு, வாராவாரம் குரூப் கிளாஸ் ஒண்ணு, நடுவுல முடியலன்னா தெரபிஸ்டுக்கே போன் பண்ணலாம். நம்ம ஊர்ல ஆறு மாசம்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ முக்கா மணி நேரம், மொத்தமே பன்னெண்டு பதிமூணு தடவ. உங்க தங்கச்சிக்கு அஞ்சு மாசத்துல எத்தனை தடவ நடந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க.

வீட்ல நடந்த ஒண்ண சொல்றேன். ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு சமையல்கட்டுல லைட் எரியுதேன்னு போய் பாத்தா, சில்வர் அண்டாவுல ஐஸ் தண்ணிய ஊத்தி மூஞ்சிய அதுக்குள்ள வச்சிருக்கா, மூச்சு பேச்சில்ல. பதறிப்போய் பின்னலப் புடிச்சு இழுத்துட்டேன். முகமெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட நிமிந்து "அம்மா, ஹோம்வொர்க்மா, முப்பது எண்ணிட்டிருந்தேன்"னா. கோவமோ அழுகையோ தாங்க முடியாம பொங்கறப்ப அப்படி மூச்சப் புடிச்சு முகத்த வச்சா நாடித்துடிப்பு எறங்கி மனசும் கொஞ்சம் எறங்குமாம். இதயக் கோளாறு இருக்கறவங்க டாக்டர கேக்காம பண்ணக்கூடாதுன்னும் சொன்னா. பக்கத்துலயே நோட்டு இருந்துச்சு, அன்னிக்கு கோவம் எவ்ளோ, செத்துடலாம்னு தோணுனது எவ்ளோன்னு பூஜ்யத்துலருந்து அஞ்சு வரைக்கும் நம்பர். அன்னிக்கு அஞ்சுன்னு எழுதியிருந்தா. எழுதிட்டுத்தான் அண்டாவ எடுத்திருக்கா. கத்துக்கிட்டது அந்த நேரத்துக்கு கைக்கு வர அவளுக்கு ரெண்டாவது சுத்து தேவைப்பட்டுச்சு. நாலாவது மாசத்துல அவ பாடத்த கேட்டிருந்தா, அவ்ளோதான்.

இதுல எனக்கு ஆறாத இன்னொண்ணும் இருக்கு. வாரம் ஒரு நாள் லீவு கேட்டப்ப எங்க மேனேஜர் "டைபாய்டுன்னு சர்டிபிகேட் குடுங்க மேடம், மனசு சரியில்லன்னெல்லாம் எழுத முடியாது"ன்னாரு. பசங்க பப்ளிக் எக்ஸாமுக்கு லீவு, குலதெய்வம் கோயிலுக்கு லீவு, எல்லாம் உண்டு. பொய் சொல்ல மாட்டேன்னு நின்னேன், கடைசில நாலு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கப்பவே விருப்ப ஓய்வு வாங்கிட்டு வந்துட்டேன். மன நோயையும் உடம்பு நோய் மாதிரியே இன்சூரன்ஸ்ல சேக்கணும்னு 2017 சட்டம் சொல்லுது, ஆனா ஆஸ்பத்திரில படுத்தாத்தான் எங்க பாலிசில காசு, வாராவாரம் போய் பேசறதுக்கு ஒத்த பைசா கிடையாது. படுக்க விடாம காப்பாத்தறதே அந்த வாராவார பேச்சுதானே. சரி விடுங்க, நீங்க கேட்டது இது இல்ல.

ஆயுசு முழுக்க போகணுமோன்னும் பயப்படாதீங்க. அமெரிக்கால மேரி ஜானரினின்னு ஒரு அம்மா 290 பேர வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, பத்து வருஷத்துல பத்துல ஒன்பது பேருக்கு மேல நோய்க்குறி அடங்கி ரெண்டு வருஷமாவது அப்படியே இருந்திருக்கு. வேலை, உறவுன்னு முழுசா நிமிந்தவங்க பாதி பேர்தான், அதுக்குத்தான் நாள் ஆகுது. டிபிடிய உருவாக்கின மார்ஷா லினஹனே 17 வயசுல மனநல ஆஸ்பத்திரில இருந்தவங்க, 2011ல அவங்களே வெளிய சொன்னாங்க. எங்க பொண்ணு இத கேட்டுட்டு அன்னிக்கு ட்ரெயின்ல ஜன்னலோரம் வழி பூரா பேசிட்டே வந்தா.

அவளுக்கு மொத்தம் ரெண்டு வருஷம் மூணு மாசம் ஆச்சு. வாராவாரம் இருந்தது ரெண்டு வாரத்துக்கு ஒண்ணாச்சு, அப்புறம் மாசம் ஒண்ணு, எப்ப முடிக்கறதுன்னு மூணு மாசம் முன்னாடியே அவளும் மேடமும் உக்காந்து தேதி குறிச்சாங்க. கடைசி நாள் நான் கூட போகல, தனியாவே பல்லவன் ஏறினா.

உங்க தங்கச்சிக்கு வாரத்துல எத்தனை தடவ, என்ன முறைன்னு கீழ எழுதுங்க தம்பி, எனக்கு தெரிஞ்சத சொல்றேன். நிறுத்தற பேச்ச அவ முன்னாடி, அந்த தெரபிஸ்ட் முன்னாடி எடுங்க. நடுராத்திரில ஏதாவதுன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம்.